டோக்கன் அக்காவும் பதினேழு படிகளும்

அந்தச் சுகாதார நிலையத்தில் டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். நாற்காலிகள் மரத்திலிருந்து இரும்புக்கும், இரும்பிலிருந்து பிளாஸ்டிக்குக்கும் மாறின. மாறாமல் இருந்தது ஒரு குரல்தான். "பதிமூணூ..." என்று அது புறப்பட்டால், கூடத்தின் கடைசி வரிசையில் வாயைப் பிளந்து தூங்குகிறவர்கூடத் திடுக்கிட்டு எழுந்து கையிலிருக்கும் அட்டையைப் பார்த்துக்கொள்வார்.

குரலுக்குச் சொந்தக்காரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பணிப் பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்கும். மற்றபடி இருபத்திரண்டு வருஷமாக அவள் எல்லோருக்கும் டோக்கன் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

தரை துடைக்கிற வேலைக்குத்தான் முதலில் வந்தாள். நம்பர் கூப்பிடுகிற ஆள் ஒருநாள் வரவில்லை. கூடத்து மின்விசிறிகள் விமானம் மாதிரி இரைந்துகொண்டிருந்தன. கம்பவுண்டர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்துவிட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ரெண்டூ... வாங்க" என்று அக்கா ஒரு குரல் கொடுத்தாள். இரைச்சலுக்கு மேலே ஏறி, ஒரு வளைவு வளைந்து, போய்ச் சேரவேண்டிய காதில் அது இறங்கியது. கம்பவுண்டர் அன்றைக்கே அட்டைக் கட்டை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. அவள் வீட்டுக்காரர் மாவு மில் வைத்திருந்தார். கீழே மில், மேலே வீடு, நடுவில் பதினேழு படி. கல்யாணமான நாளிலிருந்து, கீழே மெஷின் கடகடவென்று ஓட ஓட, மேல்படியில் நின்று "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

கூப்பிடுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் தடவை உரக்க. ஆள் வராவிட்டால் இரண்டாம் தடவை மெதுவாக. வராதவர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கலாம், பயந்தவரைச் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது என்பது அவள் கட்சி. மூன்றாம் தடவை கூப்பிடவே மாட்டாள். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்பாள். "நான் கூட வரேன், வாங்க" என்பாள். அவ்வளவுதான்.

போன வருஷம் சுவரில் ஒரு மின்பலகை வந்தது. அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு, "டோக்கன் எண். ஒன்று. மூன்று." என்று பதிமூன்றைப் பிட்டுப் பிட்டுச் சொன்னாள். ஒன்றாம் நம்பர்காரரும் மூன்றாம் நம்பர்காரரும் எழுந்துபோய் வாசலில் இடித்துக்கொண்டு நின்றார்கள். பதிமூன்றாம் நம்பர் பெரியவர் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் பலகை பலகைதான். அதற்கு லீவு வேண்டாம். அக்காவைக் கோப்பு அலமாரி அறைக்கு மாற்றினார்கள். அங்கே காகிதத்துக்குக் காது கிடையாது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

மார்புநோய் பார்க்க வந்த புது டாக்டரம்மா சின்ன வயசு. ஒருநாள் கோப்பு தேடிக்கொண்டு வந்தவள், "அக்கா, உங்களுக்குப் பாட வருமா?" என்றாள்.

"எனக்கா? நான் பாடினா பால் திரிஞ்சிடும், டாக்டரம்மா."

மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் கூட்டமாக உட்கார்ந்து பாடினால் மூச்சு வசப்படும், மனசுக்கும் தெம்பு வரும், பல இடங்களில் இதைச் செய்கிறார்கள் என்றாள் டாக்டரம்மா. கெட்டுப்போன நுரையீரல் இதனால் புதிதாகிவிடாது. இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் தடுப்பூசி அறை காலியாக இருக்கிறது. "எனக்குப் பாட்டு வாத்தியார் வேண்டாம்க்கா. இவங்களைக் கூப்பிட்டா வர்ற மாதிரி ஒரு ஆள் வேணும்."

கூப்பிட்டா வர்ற மாதிரி. அந்த வார்த்தை அக்காவை எங்கேயோ தைத்தது. வீட்டில் ஒரு ஆளை எட்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். வரவில்லை.

மில்காரர் ஒரு காலத்தில் தெருமுனை வரை கேட்கிற மாதிரி பேசுகிறவர். மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டே பேசிப் பழகியதால், மெஷின் நின்ற பிறகும் குரல் இறங்காது. "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று அவர் மேலே சொன்னால், எதிர்வீட்டுக்காரி மறுநாள் அக்காவிடம் "நேத்து உப்பு கூடிப்போச்சாமே" என்று கேட்பாள். முப்பத்தைந்து வருஷத்து மாவு நெஞ்சுக்குள் இறங்கி இறங்கி அந்தக் குரலை அரைத்துவிட்டது. முதலில் சிரிப்புப் போனது. சிரித்தால் இருமல் வரும். பிறகு திட்டுவது போனது. இப்போது மெஷினை அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். மில்காரர் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தலையாட்டுகிறார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், "கீழே எலி ஜாஸ்தியாயிடுச்சு. மூட்டையைக் கடிக்குது. நான் கீழேயே படுத்துக்கறேன்" என்றார். கட்டிலை மூட்டைகளுக்கு நடுவில் போட்டார். எலிப்பொறி ஒன்றும் வைத்தார். எட்டு மாதத்தில் அதில் ஒரு எலிவால்கூட மாட்டவில்லை. எலி எது என்று அக்காவுக்குத் தெரியும். பதினேழு படி இருக்கிற எலி அது.

படி திரும்புகிற ஒன்பதாம் படியில் ஒரு ஸ்டூல் கொண்டுபோய் வைத்தாள். நடுவில் உட்கார்ந்து வரலாமே என்று. அவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்படியே நோயாளி வீடுன்னு ஒரு போர்டும் எழுதி மாட்டிடு" என்றார். ஸ்டூல் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து மூன்று வேளையும் தட்டைத் தூக்கிக்கொண்டு அக்காதான் இறங்குகிறாள்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். "பகல்ல வாசல்ல உட்காரட்டும், பரவாயில்லை. ஆனா மாவுக்குள்ள படுத்துத் தூங்கக் கூடாதுக்கா. அவரை எப்படியாவது மேல கொண்டு போங்க. இல்லைன்னா அடுத்த குளிருக்குள்ள ஆக்சிஜன் சிலிண்டரோடதான் உட்கார வேண்டியிருக்கும். அதுக்கும் மேல நான் சொல்ல விரும்பலை."

முதல் செவ்வாய்க்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். நாற்பது வருஷம் புகைத்துவிட்டு இப்போது யார் பீடி பற்றவைத்தாலும் முறைக்கிற சலூன்காரர். ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். ஒரு பெயிண்டர். அப்புறம் அக்காளும் தங்கையுமாக இருவர். ஒருத்தி நோயாளி, இன்னொருத்தி துணைக்கு வந்தவள், ஆனால் இருவரும் சேர்ந்தே இருமியதால் யார் நோயாளி என்று கடைசிவரை விளங்கவில்லை. டாக்டரம்மா ஒரு பாட்டைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அது பழைய பாட்டு என்றார் பெயிண்டர். போதாது, இன்னும் பழசாக வேண்டும் என்றார் சலூன்காரர். அதில் இலக்கணப் பிழை இருக்கிறது என்றார் டீச்சர். அதற்குள் அவசரம் என்று யாரோ வந்து டாக்டரம்மாவை அழைத்துப் போய்விட்டார்கள்.

ஐந்து பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா சுவரைப் பார்த்தாள். யாரோ இருமினார்கள். இன்னும் இரண்டு நிமிஷம் போனால் ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. காத்திருக்கிறவர்களின் முகத்தை இருபத்திரண்டு வருஷமாகப் படித்தவள். என்ன செய்வதென்று தெரியாமல் தெரிந்த ஒன்றைச் செய்தாள்.

"ஒண்ணூ..."

குரல் வெளியே வந்ததும் அவளுக்கே சிலிர்த்தது. கோப்பு அறையில் பூட்டிக் கிடந்த குரல்.

"ரெண்டூ... மூணூ..."

"நாலூ" என்றதும் சலூன்காரர் எழுந்து விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். காலையில் டாக்டரைப் பார்க்க அவர் வாங்கிய அட்டை நாலாம் நம்பர்.

"அண்ணா, எங்க போறீங்க?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க!"

தமிழ் டீச்சர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். சிரித்துச் சிரித்து இருமி, இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஐந்து பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள். "இன்னொரு தடவை கூப்பிடுங்கக்கா, நாங்களும் சேர்ந்துக்கறோம்" என்றார் பெயிண்டர்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பாட்டு என்று ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு எடுத்து, ஒரு நம்பரை நீட்டிக் கூப்பிடுவது. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி மிச்ச மூச்சை விடுவது. அப்புறம் அடுத்த நம்பர். பாதிப்பேர் முன்வரிசையிலிருந்து கூப்பிட, மீதிப்பேர் பின்னாலிருந்து "இருக்கேன்ன்ன்" என்று இழுத்துப் பதில் சொல்வது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கனமான காரியம் எதையும் மூச்சை உள்ளே இழுக்கும்போது செய்யாதீர்கள், விடும்போது செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தாள். குனிவதானாலும், குடத்தைத் தூக்குவதானாலும், படி ஏறுவதானாலும்.

தமிழ் டீச்சருக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. ஏழு வந்தால் வகுப்பை நிறுத்திவிடுவார்.

"யாரு அது ஏளு? ஏழு! நாக்கை மடிங்க. இன்னும் மடிங்க."

"மடிச்சா உள்ள போயிடும்போல இருக்கு, டீச்சர்" என்பார் சலூன்காரர்.

"போகட்டும். ஐம்பது வருஷமா வாளப்பளம் தின்ன நாக்குதானே."

ஆனால் விஷயம் இருந்தது. ஏளு என்றால் சட்டென்று முடிந்துவிடுகிறது. ஏழு என்றால் நாக்கு வளைந்து மூச்சைப் பிடித்து வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது. வாரம் போகப் போக ஏழாம் நம்பர்தான் எல்லோருக்கும் பிடித்த நம்பர் ஆயிற்று. இரண்டு மாதத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். சலூன்காரர் ஒரு தலையை உட்காராமல் வெட்டி முடித்தேன் என்று பெருமையடித்தார். டீச்சர் வெளியூரிலிருக்கும் தங்கையோடு போனில் முழுசாகச் சண்டை போட்டு, ஜெயித்தும் விட்டாராம்.

இதையெல்லாம் அக்கா தட்டை வைக்கும்போது கட்டிலோரம் நின்று சொல்வாள். மில்காரர் பாதி கேட்பார்.

"ஒரு தடவை வந்து பாருங்களேன். பின்னாடி உட்கார்ந்துக்கலாம்."

"ஊர் மூச்சையெல்லாம்... நீ பாரு. என் மூச்சை... நான் பார்த்துக்கறேன்."

"அங்க எல்லாரும் உங்களை மாதிரித்தான்."

"அதுக்குத்தான் வரலை." சோற்றை அளைந்தார். "மெஷினுக்கு மேல பேசினவன்டி நான். நாலு பேர் நடுவுல உட்கார்ந்து... ஒண்ணு ரெண்டு எண்ணவா? ஒண்ணாங்கிளாஸ்ல... விட்டதை?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்த் தொட்டியில் விழுந்த கதை ஞாபகம் வந்தது. ஊரையெல்லாம் கூப்பிட்டு வரவழைத்தவளுக்குக் கட்டினவனை வரவழைக்கத் தெரியவில்லை. மகள் போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்பா மேலயா, கீழயா?" "கீழதான்" என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அந்த வார்த்தையே கசந்துவிட்டது.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரே மூச்சில் எத்தனை நம்பர் வரை போக முடிகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க அண்ணா?"

"நமக்கு இப்ப ஒம்பது படி" என்றார் சலூன்காரர்.

"என்ன படி?" என்றார் டீச்சர்.

சலூன்காரர் முகம் சோப்பு நுரை பூசினாற்போல் வெளுத்தது. "படியா? நம்பர், நம்பர். வாய் குழறிடுச்சு."

அவர் சலூன் தரையோடு தரையாக இருக்கிறது. வீடு அதற்குப் பின்னால். அவர் வாழ்க்கையில் படியே கிடையாது. வகுப்பு முடிந்ததும் அக்கா அவரை வாசலில் பிடித்தாள்.

"அண்ணா, வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு ஷேவ் பண்ண வர்றீங்களே, எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது... முகத்தைப் பொறுத்தது."

"ஒரு மணி நேரம் ஆகுதாமே. கொழுந்தனார் சொன்னார். முகம் என்ன மைதானமா?"

சலூன்காரர் வானத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "அக்கா, நான் வாக்குக் கொடுத்திருக்கேன். மூச்சு விட மாட்டேன்."

"மூச்சு விடத்தான் அண்ணா இங்க வர்றீங்க."

"இந்த மூச்சு வேற, அக்கா" என்று கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் அவள் சுவரைப் பார்த்தாள். தினம் நாலு தரம் ஏறி இறங்குகிற படி. தட்டில் குழம்பு சிந்தாமல் இருக்கிறதா என்று பார்த்தே ஏறுகிறவளுக்குச் சுவர் கண்ணில் படவில்லை. மூன்றாம் படிக்கு நேரே வெள்ளையாக ஒரு கை. ஐந்து விரலும் பதிந்திருந்தது. மாவுக் கை. ஐந்தாம் படிக்கு நேரே இன்னொன்று, ஆறாம் படிக்கு நேரே ஒன்று. ஒன்பதாம் படியில், திருப்பத்தில், இரண்டு கையும் அருகருகே. யாரோ சுவரைத் தள்ளிக்கொண்டு நின்று மூச்சு வாங்கியிருக்கிறார்கள். அந்த மோதிர விரல் கொஞ்சம் கோணல். மெஷின் பெல்ட்டில் மாட்டிய விரல். அவளுக்குத் தெரியாத விரலா?

துவைக்கிற கல்லுக்குப் போய்ப் பார்த்தாள். ஸ்டூல் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் ஒரு மாவு வட்டம். உட்கார்ந்து எழுந்த வட்டம்.

அக்கா பிறகு தெரிந்துகொண்ட கதை இதுதான்: ஒரு வியாழக்கிழமை பாதி ஷேவில் மில்காரருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சலூன்காரர், "டீ ஊதுற மாதிரி ஊதுங்க, மில்காரரே. ஒண்ணூன்னு சொல்லிக்கிட்டே ஊதுங்க" என்றிருக்கிறார். மூச்சு திரும்பியது. "இதையா அவ சொல்லித் தர்றா?" என்று கேட்டிருக்கிறார் மில்காரர். இதைத்தான். அடுத்த வாரம் முகத்தை அரை மணியில் முடித்துவிட்டு, மிச்ச அரை மணிக்குப் படிக்கட்டுக்குப் போனார்கள். சலூன்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்னால். மில்காரர் ஒரு படிக்கு ஒரு நம்பர் சொல்லிக்கொண்டு பின்னால். "அவகிட்ட மட்டும் மூச்சு விடாதே. பாதியில நின்னுட்டேன்னா அவளால தாங்க முடியாது" என்பது ஒப்பந்தம்.

அக்காவுக்கு அன்று தட்டு வைக்கும்போது வாய் நமநமத்தது. ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பயந்தவரைச் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது.

வாரத்துக்கு இரண்டு தரம் ஈரத்துணி போட்டுப் படிக்கட்டுச் சுவரைத் துடைக்கிறவள் துணியைத் தொடவில்லை. ஸ்டூலைத் துவைக்கிற கல்லிலிருந்து எடுத்துப் படிக்கட்டின் அடியிலேயே "மறந்துபோய்" வைத்தாள். வியாழக்கிழமைகளில் பஸ் அவளுக்கு அரை மணி தாமதமாகவே வந்தது. பத்தாம் படிக்கு ஒரு கை ஏறியது. அப்புறம் பதினொன்று. ஒரு வாரம் இருமல் அதிகமாகி, புதுக் கை எதுவும் பதியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் கோப்புகளைத் தப்புத் தப்பாக அடுக்கினாள். அடுத்த வாரம் பதினான்கு. பதினான்காம் படியில் நின்று தலையை நிமிர்த்தினால் சமையலறைக் கதவு தெரியும். அங்கே வரை வந்துவிட்டு, தன் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு, திரும்பி இறங்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையம் மூடியிருக்கும். மில்லும் மதியத்தோடு நிற்கும். சலூனில் அன்றைக்குத்தான் கூட்டம், சலூன்காரருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அக்கா தட்டில் சோறு போட்டு, கீழே எடுத்துப்போகக் கையில் வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணூ..."

மெதுவான குரல். கரகரத்த குரல். ஆனால் ராகம் அவளுடையது. ஏற்றமும் அந்த வளைவும் அப்படியே. முப்பது வருஷமாகக் கேட்டவர் பிடித்துக்கொள்ள மாட்டாரா?

"ரெண்டூ..."

ஸ்ஸ்ஸ் என்று டீ ஊதுகிற சத்தம். அடுத்த படி. அக்கா தட்டோடு கதவுக்குப் பின்னால் ஒண்டினாள். குக்கர் விசில் அடிக்கப்போகிற மாதிரி சீறியது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஏழூ..."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறந்தது முதல் ஏளு என்று சொன்ன மனுஷன். டீச்சர் கேட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

ஒன்பதில் நீண்ட மௌனம். ஸ்டூல் இன்று கீழே இருக்கிறது, தூக்கிவர ஆளில்லை. பத்து வந்தது. பதினொன்று வந்தது, பாதி விழுங்கியபடி. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். பல் தேய்ந்த ரம்பம் மாதிரி. அக்காவின் கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. நின்றது. போய்க் கையைப் பிடித்தால் ஏறிவிடுவார். ஆனால் அது அவள் ஏற்றியதாக இருக்கும். நாளைக்கு மறுபடியும் எலி வந்துவிடும். போகாமல் இருந்தால்? பதினொன்றாம் படியில் தலை சுற்றினால்?

முதல் தடவை உரக்க. அப்படித்தான் அவளுக்கு வரும்.

"பன்னெண்டூ... வாங்க!"

படிக்கட்டு முழுக்க அது எதிரொலித்தது. பதில் இல்லை. கேட்டுவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், இறங்கிவிடப் போகிறார் என்று நினைத்தாள். வியர்வையில் தட்டு வழுக்கியது.

இரண்டாம் தடவை மெதுவாக. "பன்னெண்டு..."

ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை கூப்பிடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. மூன்றாம் தடவை போக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்து முறை. அக்கா போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, நம்பர் எதுவும் சொல்லாமல், தொண்டையில் வந்ததைச் சொன்னாள்.

"சாப்பாடு ஆறுது. சாப்பிட வாங்க."

 கீழே ஒரு செருமல்.

"இருக்கேன்ன்டி. கத்தாதே. டோக்கன்... ஒண்ணும் தொலையலை."

ஸ்ஸ்ஸ். "பன்னெண்டூ." ஸ்ஸ்ஸ். "பதிமூணூ." பதினான்கில் நின்றார். அதற்கு மேல் கை பதியாத சுவர். அக்கா எண்ணவில்லை, கூப்பிடவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. பதினைந்து குரலாக வரவில்லை, வெறும் காற்றாக வந்தது. பதினாறு அதைவிட மோசம்.

கடைசிப் படிக்கு முன்னால் அவர் வெகுநேரம் ஊதினார். பிறகு, நாக்கை நன்றாக மடித்து,

"பதினேழூ..."

என்று இழுத்தார். அந்த ழு கதவைத் தாண்டி உள்ளே வந்து, அவரும் அதன் பின்னாலேயே வந்தார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டு, டீ ஊதினார்.  முகம் நீலத்திலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து தன் நிறத்துக்கும் வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் அவர் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்.

"திரையை... மாத்திட்டியா?"

"ஆறு மாசமாச்சு."

"நல்லால்லை."

"சரி, பழசையே போடறேன்."

தட்டை அவர் முன் வைத்தாள். சோறு நிஜமாகவே ஆறிப்போயிருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவன்... உன்கிட்ட சொல்லிட்டானா?"

"யாரு?"

"சலூன்காரன்."

"அவர் மூச்சே விடலையே."

மில்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் வாயோரம் துடித்தது. சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டார். அடக்கிப் பார்த்தும் கொஞ்சம் சிரித்தார். கொஞ்சம் இருமினார்.

"கீழே எலி?" என்றாள் அக்கா, தண்ணீரை நகர்த்திக்கொண்டே.

"எலியெல்லாம் தம்பி பார்த்துப்பான்." கையைத் தட்டில் கழுவினார். "தலையணைதான் கீழே கிடக்கு. நான் போக மாட்டேன். எனக்கு இன்னிக்கு... அவ்வளவுதான்."

"நான் எடுத்துட்டு வரேன்."

"நாளைக்கும்... இப்படி வருமான்னு தெரியாது."

"நாளைக்கு நாளைக்குப் பார்க்கலாம். வராட்டி ஸ்டூல் இருக்கு. திருப்பத்துல வெச்சிடறேன். போர்டு மாட்டலை, பயப்படாதீங்க."

 அக்கா படியிறங்கினாள். பதினேழுக்கு நேரே, புதிதாக, ஈரமான ஒரு மாவுக் கை. அதைத் தொடாமல் தாண்டி இறங்கினாள். மூட்டைகளுக்கு நடுவிலிருந்த கட்டிலிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், வெயிலில் நின்று, துவைக்கிற கல்லில் அதை ஓங்கி ஓங்கி அடித்தாள். கிட்டத்தட்ட ஒரு வருஷத்து மாவு புகை மாதிரி எழும்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடியும் அடித்தாள். மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

"மெதுவா அடிடி" என்றது ஒரு குரல். "பஞ்சு வெளிய வந்துடப் போகுது."

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.